தர்ஷினியின் காடியில் நான் ஊற்றிய அரைக் கப் எண்ணெய்

1

இந்த மாதத்தோடு நான் மாப்பிள்ளையாக மலேசியாவின் கேமரன் மலை ஏறி இருபத்துநான்கு வருடம் முடிகிறது. நாமக்கல்லில் இருந்து அண்ணன் போன் போட்டு வாழ்த்துச் சொல்லிவிட்டு, "அப்புறம் என்னடா மணி, வேற விசேஷம்?" என்றார். பெற்ற மகளைப் பிரேக் இல்லாத காரில் மலையிறங்க அனுப்பப் பார்த்தேன், மயிரிழையில் தப்பித்தோம் என்பதுதான் விசேஷம். அதைப் போனில் சொல்ல முடியுமா? "எல்லாம் சௌக்கியம்லா" என்று சொல்லி வைத்துவிட்டேன். "அதென்னடா பேச்சுக்குப் பேச்சு லா லா?" என்று அவர் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே எழுதுகிறேன். ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். அடி எனக்குப் பழகிவிட்டது.

நாங்கள் மூன்று பேர். நான் ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் தேயிலை எஸ்டேட்டில், பட்டறையில் வேலை செய்கிறேன். மருந்தடிக்கும் பம்புகள், கொழுந்து வெட்டும் மிஷின்கள், இரண்டு டிராக்டர், இவைதான் என் நோயாளிகள். மனைவி லெட்சுமி இந்த எஸ்டேட்டிலேயே பிறந்தவள். சுற்றுலாக்காரர்கள் வந்து டீ குடிக்கும் கடையில் கல்லாவில் இருக்கிறாள். மகள் தர்ஷினிக்கு இருபத்துமூன்று வயது. ஈப்போவில் படித்து, அங்கேயே இரண்டு வருடம் வேலை பார்த்து, இப்போது ஜோகூர் பாருவில் ஒரு நல்ல வேலை கிடைத்திருக்கிறது. ஈப்போ என்றால் கூப்பிடு தூரம். ஜோகூர் என்றால் நாட்டின் அடுத்த முனை.

ஈப்போவில் இருந்தபோதே வாரம் ஒரு போன்தான். அதுவும் அம்மாவுக்கு. என்னிடம் பேச வேண்டிய நேரம் வந்தால் "அப்பா, பசியாறிட்டீங்களா? சரி, அம்மாகிட்ட குடுங்க" என்பதோடு சரி. கோபம் எல்லாம் இல்லை. பேச விஷயம் இல்லை, அவ்வளவுதான். அவள் நினைப்பது ஆங்கிலத்தில், சிரிப்பது மலாயில், தமிழ் எங்களுக்காக எடுத்து வைத்திருக்கிற பலகாரத் தட்டு.

2

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே காரைக் காடி என்பார்கள். தர்ஷினி வாங்கியது, ஜப்பான்காரன் எப்போதோ செய்த ஸ்போர்ட்ஸ் காடி. இரண்டே சீட்டு. மேலே துணிக் கூரை, மடக்கினால் வானம் தெரியும். தரையில் இருந்து ஒரு சாண் உயரம். எஸ்டேட் ரோட்டில் மேடு வந்தால் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு போகும். முதல்முறை அது எங்கள் லயத்துக்கு, அதாவது எஸ்டேட் வீட்டு வரிசைக்கு, வந்தபோது ஆளாளுக்கு வெளியே வந்து நின்று பார்த்தார்கள். லெட்சுமி சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு சீட்டுன்னா நம்ம மூணு பேர்ல யார இறக்கி விடுறது?" என்று கேட்டாள்.

ஜோகூர் வேலைக்குச் சேருவதற்கு மூன்று நாள் இருக்கும்போது அந்தக் காடியோடு வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றே கிளட்ச் போய்விட்டது. மிதித்தால் பெடல் தரையோடு போய்ப் படுத்துக்கொண்டது.

விஷயம் பெரிதில்லை. கிளட்ச் பெடலை மிதித்தால் மேலே ஒரு சிறு சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ளும். அது குழாய் வழியாகப் போய்க் கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் இன்னொரு சிலிண்டரை நகர்த்தும். இரண்டு சிலிண்டருக்குள்ளும் கிண்ணம் மாதிரி சின்னச் சின்ன ரப்பர் வளையங்கள். அவை தேய்ந்துவிட்டால் ஆயில் கசிந்து பெடல் செத்துப்போகும். வளையங்களை மாற்ற வேண்டும், உள்ளே புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"பட்டறைக்கு அனுப்பலாமா?" என்றேன்.

"வேணாம்பா. நானே செய்றேன்லா. கசிய ஆரம்பிச்சப்பவே ரப்பர் கிட் வாங்கி வச்சுட்டேன். வீடியோ பார்த்தாச்சு" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "காத்து எடுக்கிறப்ப மட்டும் பெடல் மிதிக்க ஒரு ஆள் வேணும். நீங்க இருப்பீங்கல்ல?" என்று கேட்டாள்.

இருப்பேனா? மறுநாள் சனிக்கிழமை. துரையிடம் முதுகுவலி என்று சொல்லிவிட்டு லீவு எடுத்தேன். மேனேஜரை இங்கே இன்னமும் துரை என்றுதான் சொல்கிறோம். இப்போதைய துரை சீனர், வயதில் எனக்குத் தம்பி. ஆனாலும் துரை துரைதான்.

3

இந்த இடத்தில் ஒரு ரகசியத்தை உடைக்க வேண்டும். நாமக்கல்காரர்களுக்கு இது ரகசியமே இல்லை.

நான் மெக்கானிக் இல்லை. லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டராக இருந்தேன். அதிலும் எழுத்து எழுதும் பெயிண்டர். லாரியின் பின்பலகையில் 'ஏர் பிரேக், இடைவெளி விடவும்' என்று மஞ்சள் எழுத்தில் நிழல் வைத்து எழுதுவதில் கெட்டிக்காரன். பிரேக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் எழுத்துகள்தான்.

முதலில் எஸ்டேட் கூலியாகப் பர்மிட்டில் வந்தேன். வந்த அன்று ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா, என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "நாமக்கல்லா? லாரி ஊராச்சே! அப்ப இன்ஜின் எல்லாம் தெரியும்" என்றார். அவர் கேட்கவில்லை, தீர்மானித்தார். மழையில் மருந்து டப்பா சுமப்பதைவிடக் கூரைக்குக் கீழே வேலை நல்லது என்று நானும் தலையாட்டினேன். பட்டறையில் போட்டார்கள். அங்கே தடவித் தடவித் தொழில் கற்றேன். பம்புகளின் ஒவ்வொரு வால்வும் எனக்கு அத்துப்படி. ஆனால் லெட்சுமிக்கும், அவள் வீட்டாருக்கும், பிறகு மகளுக்கும் நான் 'நாமக்கல்லில் பெரிய லாரி மெக்கானிக்'. அந்தப் பெயரைத் திருத்தச் சரியான நாள் ஒன்று வரும் என்று இருந்துவிட்டேன். இருபத்துநான்கு வருடம் வரவில்லை.

பர்மிட் முடிந்து ஊர் திரும்பி, லெட்சுமி வீட்டார் நாமக்கல் வந்து கல்யாணம் முடித்து, மறுபடி நான் மலையேறியபோது புருஷன் விசா. வருடா வருடம் குடிநுழைவு ஆபீசுக்கு மனைவியை நேரில் கூட்டிப் போக வேண்டும். கவுண்டரில் இருக்கும் அம்மா என்னைப் பார்ப்பார், லெட்சுமியைப் பார்ப்பார், "இன்னும் சேர்ந்துதான் இருக்கீங்களா?" என்று மலாயில் கேட்பார். ஒருமுறை நாங்கள் சண்டை போட்டிருந்த நேரம். லெட்சுமி பதில் சொல்லாமல் கூரையைப் பார்த்தாள். நான் வேர்த்து விறுவிறுத்து, எனக்குத் தெரிந்த மலாயில் "சேர்ந்து, சேர்ந்து, ரொம்பச் சேர்ந்து" என்றேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். இப்போது நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டை வந்துவிட்டது. சண்டை போட நிம்மதியாக இருக்கிறது.

4

சனிக்கிழமை காலை வீட்டு முன்னால் காடியைத் தூக்கி நிறுத்தி, கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள் தர்ஷினி. நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஒன்று சொல்ல வேண்டும்: சுத்தமாக வேலை செய்கிறாள். கழற்றிய ஒவ்வொரு சாமானையும் வரிசையாகத் துணிமேல் வைத்தாள். பழைய வளையத்தை என் உள்ளங்கையில் போட்டு, "பாருங்கப்பா, எப்படிக் கிழிஞ்சிருக்கு" என்றாள். சின்னக் குழந்தையாக இருந்தபோது பல் விழுந்தால் இப்படித்தான் என் கையில் கொண்டுவந்து போடுவாள். ஸ்பானரைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

புது வளையங்களைப் பிரேக் ஆயிலில் நனைத்து மாட்டினாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பட்டறை வழக்கம் வேறு. மருந்தடிக்கும் பம்புக்குப் புது ரப்பர் போட்டால், ஒரு மூடி மிஷின் எண்ணெய் காட்டாமல் மாட்டவே மாட்டோம். எண்ணெய் குடித்தால்தான் ரப்பர் மெத்தென்று உட்காரும், கசியாது. இத்தனை வருடத்தில் நான் மாட்டிய ரப்பர் ஒன்றுகூடக் கசிந்ததில்லை. பிரேக் ஆயிலோ தண்ணீர் மாதிரி வழவழப்பில்லாமல் இருந்தது.

சொல்லிப் பார்த்தேன். "கொஞ்சம் எண்ணெய் காட்டும்மா."

"வேணாம்பா, வீடியோவுல பிரேக் ஆயில் மட்டும்தான் சொன்னாங்க."

வீடியோ! நாமக்கல் லாரி மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், வீடியோவாம். அவள் கை கழுவிச் சாப்பிடப் போனாள். நான் வீட்டுக்குப் பின்னால் இருந்த என் பம்ப் எண்ணெய் டப்பாவை எடுத்து வந்து, அவளுடைய பிரேக் ஆயில் பாட்டிலில் அரைக் கப் ஊற்றிக் குலுக்கி வைத்தேன். நல்லதுதான் செய்கிறோம் என்ற நினைப்பு. மகள் கேட்காவிட்டால் என்ன, அப்பன் கை வைத்த வேலை ஜோகூர் வரை கசியாமல் போகட்டும்.

சாப்பிட்டு வந்து அதே பாட்டிலில் இருந்து ஊற்றினாள். பிறகு காற்று எடுத்தோம். நான் உள்ளே உட்கார்ந்து பெடல். அவள் கீழே படுத்துக்கொண்டு குரல்.

"மிதிங்க!"

"மிதிச்சுட்டேன்!"

"பிடிச்சுக்குங்க... விடுங்க!"

"விட்டுட்டேன்!"

ஒரு மணி நேரம் இதே பேச்சு. எங்களுக்குள் ஒரு வருடத்தில் இவ்வளவு பேச்சு நடந்ததில்லை. கடைசியில் பெடல் கல் மாதிரி நின்றது. கூரையை மடக்கிவிட்டுக் கியா பார்ம் ஊர் வரை ஓட்டிப் போனோம். காற்று காதை அறுத்தது. ரோட்டோரக் கடையில் நிறுத்தி ஸ்ட்ராபெரி வாங்கித் தந்தாள். "அப்பா, நீங்க இல்லன்னா முடிஞ்சிருக்காது. சூப்பர்லா நீங்க" என்றாள். நான் ஒரு பெரிய மனிதனைப் போலத் தலையை ஆட்டி வைத்தேன்.

5

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் புறப்பாடு. திங்கள் காலை ஜோகூரில் வேலைக்குச் சேர வேண்டும். லெட்சுமி நான்கு எலுமிச்சம்பழம், சூடம், பூசணிக்காய் எல்லாம் எடுத்து வைத்துவிட்டாள். நான் ஆறரைக்கே எழுந்து காடியைத் துடைத்தேன். பெருமை தாங்கவில்லை. ஆயில் டப்பாவில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அதன் மூடியைத் திறந்தேன்.

மூடிக்கு அடியில் ஒரு மெல்லிய ரப்பர் தகடு இருக்கும். முந்தினநாள் சரியாகப் பொருந்தியிருந்தது. இப்போது ஊறிய வடை மாதிரி உப்பி வெளியே தொங்கியது. அமுக்கி அமுக்கிப் பார்த்தேன், உள்ளே போகவில்லை. உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதித்தேன். போனது, திரும்பி மேலே வர யோசித்தது.

ரிங்லெட்டில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் சீன முதலாளிக்கு, எங்கள் பேச்சில் தவுக்கேக்கு, போன் போட்டேன். எஸ்டேட் பிள்ளைகளோடு வளர்ந்தவர், என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். விஷயத்தைச் சொன்னேன். மகள் என்று சொல்லவில்லை, தெரிந்த ஒருவர் என்றேன்.

"எண்ணெய் ஊத்திட்டானா? எவன் அந்த மடையன்?" என்றார். "பிரேக் ஆயில் போற ரப்பருக்கு மத்த எண்ணெய் விஷம் மணி. உப்பிப் போயிரும். பம்ப் ரப்பர் வேற ஜாதி, அது தாங்கும். அந்த ஆயில் டப்பா தனியா, இல்ல பிரேக்கும் அதுலதானா?"

எட்டிப் பார்த்தேன். ஒரே டப்பா. கிளட்சுக்கு ஒரு குழாய், பிரேக்குக்கு இரண்டு.

"ஒண்ணுதான்."

"அப்ப பிரேக் ரப்பரும் போச்சு. இன்னிக்குப் பிடிக்கும், பாதி வழியில பிடிக்காது. தாப்பா ரோட்டுல இறங்குனான்னா ஆள் இல்ல. சாவியப் பிடுங்கிடு."

தாப்பா ரோடு உங்களுக்குத் தெரியாது. வளைவுக்கு மேல் வளைவு, ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், எதிரில் காய்கறி லாரி. அந்த ரோட்டில் என் மகள் அந்தக் காடியில், கூரையை மடக்கிவிட்டுப் போவதை நினைத்தேன். மூடியை மூடவும் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

இனி அடுத்த பத்து நிமிடத்தில் நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. உண்மையைச் சொல்லவில்லை. உள்ளே போய், "இப்பக் கிளம்ப வேணாம், ராகு காலம்" என்றேன்.

லெட்சுமி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அது திங்கக்கிழமைக்கு. இன்னிக்கு ராகு காலம் சாயங்காலம் நாலரைக்கு. என்னிக்குங்க நீங்க காலண்டர் பார்த்தீங்க?"

"எமகண்டம்."

"அது மத்தியானம்."

"மழை வரும் போல."

"அப்பா, வெயில் அடிக்குது" என்றாள் தர்ஷினி. பை தோளில், சாவி கையில். என்னைத் தாண்டி வாசலுக்குப் போனாள். பூசை போட வந்திருந்த கோயில் பண்டாரம் சூடத்தைக் கொளுத்திவிட்டார். எலுமிச்சம்பழங்கள் நான்கு சக்கரத்துக்கும் கீழே. அவள் கதவைத் திறந்து உட்கார்ந்ததும் நான் போய் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"இறங்கும்மா."

"ஏன்பா?"

"பாட்டில்ல நான் எண்ணெய் ஊத்திட்டேன். நேத்து நீ சாப்பிடப் போனப்ப. பம்ப் எண்ணெய், அரைக் கப். ரப்பர் எல்லாம் போச்சு. பிரேக்கும் போச்சு. இறங்கு."

அவள் இறங்கினாள். மூடியைத் திறந்து உப்பிய ரப்பரைப் பார்த்தாள். விரலால் ஆயிலைத் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தாள். மேலே எண்ணெய் தனியாக மிதந்தது. லயத்து ஆட்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். பண்டாரம் தட்டோடு அப்படியே நின்றார்.

"நேத்தே ஏன் சொல்லல?"

"நீ சூப்பர்னு சொன்னே."

சொல்ல வேண்டியதை எல்லாம் லெட்சுமி சொன்னாள். நாமக்கல், லாரி, மெக்கானிக், என் வம்சம், ஒன்று விடவில்லை. அந்தச் சூட்டோடு சூடாக மிச்சத்தையும் கொட்டிவிடலாம் என்று, "நான் மெக்கானிக்கே இல்ல. லாரியில எழுத்து எழுதுனவன்" என்றேன். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தர்ஷினி சிரிக்கவில்லை.

"பஸ்லயே போறேன், நேரமாச்சு" என்றாள். தானா ராத்தா பஸ் நிலையத்துக்கு என் மோட்டார் சைக்கிளில்தான் கொண்டுபோய் விட்டேன். பஸ்ஸில் ஏறும்போது காடிச் சாவியை என் கையில் கொடுத்தாள். எதற்கு என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

6

மறுநாள் இரவு ஏழு மணிக்கு வீடியோவில் அழைத்தாள். அம்மாவை அல்ல, என்னை.

"டப்பாவக் காலி பண்ணிட்டீங்களா? காட்டுங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. மூன்று வாரம். கிளட்ச் ரப்பர், பிரேக் ரப்பர், டியூப்கள் எல்லாம் மாற்ற வேண்டும். ரிங்லெட் தவுக்கே ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, அந்த மடையன் யார் என்று தெரிந்துகொண்டு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுக் கூட வேலை செய்தார். மாலையில் நான் தனியாகச் செய்வதை அவள் போனில் பார்ப்பாள். "லேபிளக் காட்டுங்க" என்பாள். பாட்டிலைத் திருப்பிக் காட்டுவேன். "மூடிய என் முன்னாடி உடைங்க" என்பாள். உடைப்பேன். லெட்சுமி பெடல் மிதிக்க, நான் கீழே படுத்துக் குரல் கொடுத்தேன். எனக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் மகள் ஜோகூரில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து தினமும் ஒரு மணி நேரம் என் முகத்தைப் பார்த்தாள். ஒருநாள் இடையில், "எழுத்து எப்படிப்பா எழுதுவீங்க? நிழல் எப்படி வைப்பீங்க?" என்று கேட்டாள். அன்றைக்கு வேலை நடக்கவில்லை.

வேலை முடிந்ததும் முதலில் நான்தான் ஓட்டினேன், தனியாக. ரிங்லெட்டுக்கு இறங்கி ஏறினேன். மறுநாளும், அதற்கு மறுநாளும். பிறகு தாப்பா வரை. லெட்சுமி கூட வருகிறேன் என்றாள், விடவில்லை.

தர்ஷினி பஸ்ஸில் வந்து காடியை எடுத்துப் போனாள். போகுமுன் மூடியைத் திறந்தாள், ரப்பரைக் கட்டை விரலால் அழுத்தினாள், என்னைப் பெடலில் உட்கார வைத்துச் சக்கரம் ஒவ்வொன்றையும் பார்த்தாள். ஒன்றையும் விடவில்லை. நான் சந்தோஷமாக மிதித்தேன். தாப்பா போய்ச் சேர்ந்ததும் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது: 'பிரேக் ஓகே.' இரண்டு மணி நேரம் கழித்து நெடுஞ்சாலை ஓய்விடத்தில் இருந்து மறுபடி: 'பிரேக் ஓகே.' ஜோகூர் சேர்ந்ததும் அதேதான்.

அன்றிலிருந்து தினமும் மாலை, வேலை விட்டு வந்து காடியை நிறுத்தியதும் அந்த இரண்டு வார்த்தை வருகிறது. நான் ஓகே என்று போடுவேன். அதற்கு மேல் எங்களுக்குள் பெரிதாக ஒன்றும் இல்லை.

போன புதன்கிழமையும் வந்தது. அரை மணி கழித்து லெட்சுமியோடு பேசும்போது, ஜோகூரில் ஒரே வெள்ளம், இரண்டு நாளாகக் காடியை எடுக்கவே இல்லை, சிநேகிதியோடுதான் வேலைக்குப் போய் வருகிறேன் என்று தர்ஷினி சொன்னது எனக்கும் கேட்டது. நான் போனை வாங்கினேன்.

"காடி எடுக்காம எதுக்கும்மா பிரேக் ஓகேன்னு போட்ட?"

"சும்மாதான்பா. நீங்க பார்த்துட்டு இருப்பீங்கல்ல?"

ஆமாம். ஆறு மணியிலிருந்தே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.